அடுப்பை அணைத்துவிட்டு: திருகோணமலையில் பச்சை உணவு தொடங்குபவர்களுக்கு

பச்சை உணவுக்கு மாற நினைப்பவர்கள் பலர் ஒரு திங்கட்கிழமை காலையில் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுதாக இறங்கிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் தலையிடிக்கும். மூன்றாம் நாள் வயிறு ஊதும். ஐந்தாம் நாள் இரவு பசி தாங்காமல் கொத்துரொட்டிக் கடையில் போய் நிற்பார்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு, மூன்றையும் தவிர்க்கலாம். காலைச் சாப்பாட்டில் மட்டும் தொடங்கி, இரண்டு மாதத்தில் நாளுக்கு இரண்டு வேளை என்ற அளவுக்கு வருவதுதான் இங்கே சொல்லும் வழி. மூன்றாவது வேளையை அடுப்புக்கே விட்டுவிடச் சொல்கிறோம். அதற்கான காரணமும் கீழே வருகிறது.

பச்சை உணவு என்பது 40 முதல் 48 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு காட்டாத பழம், மரக்கறி, இலை, தேங்காய், கொட்டை, முளைப்பயறு. சிலர் இந்த எல்லையை 42 என்பார்கள், சிலர் 46 என்பார்கள். வீட்டில் அதை அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை: அடுப்பில் வைக்காதது, வெந்நீர் ஊற்றாதது, அவ்வளவுதான். 1900ஆம் ஆண்டளவில் சுவிற்சலாந்து வைத்தியர் பிர்ஹர்-பென்னர் தன் நோயாளிகளுக்குத் துருவிய அப்பிளும் ஊறவைத்த ஓட்ஸும் கொடுத்ததிலிருந்து மேற்கில் இது ஒரு முறையாக வளர்ந்தது. நமக்கு இதில் புதிது அதிகம் இல்லை. வல்லாரைச் சம்பல், வெங்காயச் சம்பல், கெக்கரிக்காய்ப் பச்சடி, விளாம்பழம், கந்தசஷ்டிக்குப் பழமும் இளநீருமாக இருக்கும் ஆறு நாள் என்று எல்லாமே நம் வீட்டுப் பழக்கம். ஆகவே கேல் கீரைக்கும் சியா விதைக்கும் இறக்குமதி பாதாமுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். துருவலை, நல்ல கத்தி, மரக்கறிக்கென்றே தனியாக ஒரு வெட்டும் பலகை, அகன்ற வாய்ப் போத்தல் இரண்டு, நுளம்பு வலைத்துணி ஒரு முழம் போதும். பிளெண்டர் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் அம்மி.

பலகை தனியாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். தினமும் மீன் வெட்டும் வீடுகள் நம்முடையவை. மீன் வெட்டிய பலகையில் கரட் வெட்டி அதை அவித்தால் கிருமி சாகும். வெட்டி அப்படியே சாப்பிட்டால் கிருமியும் சேர்ந்து வயிற்றுக்குப் போகும்.

எதை எதிர்பார்க்கலாம்

விற்றமின் சீயும் போலேற் என்ற பீ வகை விற்றமினும் சூட்டில் அழியும், அவித்த தண்ணீரோடு போகும். பச்சையாகச் சாப்பிடும்போது அவை முழுதாகக் கிடைக்கின்றன. நார்ச்சத்து கூடும், எண்ணெயும் சீனியும் மாவும் தாமாகக் குறையும், மலச்சிக்கல் பலருக்குச் சரியாகும். கிடைக்கும் லாபம் இதுதான், இதுவே பெரிய லாபம். "சமைத்தால் நொதியங்கள் செத்துவிடும், பச்சையாகச் சாப்பிட்டால் அவையே நமக்காகச் சமிபாடு செய்யும்" என்ற பேச்சை நம்பி இறங்க வேண்டாம். தாவர நொதியங்களும் புரதந்தான். அவற்றில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்திலேயே சிதைந்துவிடும், நமக்கு வேண்டியதை நம் உடலே சுரக்கிறது. எல்லாச் சத்தும் பச்சையில்தான் கூட என்பதும் சரியில்லை. தக்காளியின் லைகோபீனும் கரட்டின் பீற்றா கரோட்டினும் சூடுபட்ட பிறகே உடம்பில் நன்றாகச் சேரும். கரட்டைப் பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மெல்லிதாகத் துருவித் தேங்காய்ப்பூவோடு சேருங்கள். கொழுப்புடன் சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் ஏறும். நம் சம்பல்களில் தேங்காய் இருப்பது வெறும் சுவைக்காக மட்டுமல்ல.

எப்போது தொடங்குவது

தை கழிந்து நிலம் காய்ந்த பிறகு தொடங்குவது நல்லது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்று மழையில் கிணறும் மலசலகூடக் குழியும் வாய்க்காலும் ஒன்றாகக் கலக்கிற இடங்கள் இங்கே நிறைய. அந்த நாட்களில் வரும் கீரை முழுக்கச் சேறாக இருக்கும். பழகியவர்களும் மாரியில் பச்சைக் கீரையை நிறுத்திவிட்டுத் தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், பப்பாசி, தோடம்பழம், அன்னாசி, கரட் என்று இருந்துகொள்வது நல்லது. பங்குனி தொடக்கம் ஆவணி வரைதான் இதற்குச் சரியான காலம். மாம்பழம், பலாப்பழம், வத்தகப்பழம், வெள்ளரிப்பழம், காட்டோரத்திலிருந்து வரும் பாலைப்பழம், பிறகு நாவலும் விளாவும். கச்சான் காற்று வீசுகிற வெக்கையில் அடுப்படியில் நிற்காமல் சாப்பாட்டை முடிக்கலாம் என்பது தனிச் சுகம். ஆனால் அதே வெக்கையில் உணவு வேகமாகப் பழுதாகும். கீழே சொல்லும் நேரக் கணக்குகள் எல்லாம் அதற்காகத்தான்.

வாங்குவது

சந்தைக்கு விடியவே போங்கள். கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா மலைநாட்டிலிருந்து பெரும்பாலும் தம்புள்ள வழியாக வருகின்றன. நம் கைக்கு வரும்போதே ஒன்றிரண்டு நாள் கழிந்திருக்கும். அவற்றை இரண்டு நாளுக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, பயிற்றங்காய், கெக்கரி, பச்சைமிளகாய் ஆகியவற்றை அன்றன்றைக்கு வாங்குங்கள். பதினொரு மணிக்குமேல் வெயிலில் கிடந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்தி வைத்திருக்கும் கீரைக்கட்டு பச்சையாகச் சாப்பிட உதவாது. தெளித்த தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது.

வாழைப்பழத்தில் சீப்பு முழுவதும் ஒரே மஞ்சளாக, காம்பு மட்டும் கடும்பச்சையாக, உள்ளே கல்லாக இருந்தால் மருந்து வைத்துப் பழுக்க வைத்தது. செங்காயாக வாங்கி வீட்டில் பழுக்க விடுங்கள். கதலி, இதரை, கப்பல் எதுவும் சரி. தேங்காயைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்ச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், கண் பக்கம் ஈரமோ பூஞ்சணமோ இருக்கக்கூடாது. பச்சைக் கச்சானில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். கச்சான் பூஞ்சணத்தில் வரும் அஃப்ளாரொக்சின் நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைப் பாதிக்கும்.

பயறு வாங்கும்போது ஒரு கவனம். சமையலுக்கு விற்கும் பாசிப்பயறை மளிகைக் கடையில் வாங்குங்கள். விவசாயக் கடையில் விதைக்கென்று விற்கும் பயறுக்குப் பூஞ்சண மருந்து பூசியிருக்கக்கூடும்.

கழுவுவது

இந்த உணவுமுறை வாய்ப்பதும் கெடுவதும் பெரும்பாலும் கழுவும் இடத்தில்தான். அடுப்பு செய்துவந்த கிருமி ஒழிப்பு வேலையை இனித் தண்ணீரும் நேரமும் செய்ய வேண்டும்.

கடைசியாக அலசும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். இரவே ஐந்து லீற்றர் கொதிக்க வைத்து மூடி வைத்தால் மறுநாளைக்குக் காணும். குழாய்த் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் இதே விதி.

வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரநிலத்தில், மாடு நடமாடும் இடத்தில், நிலத்தோடு படர்ந்து வளர்பவை. கட்டை அவிழ்த்து வேரையும் அடித்தண்டையும் வெட்டி எறியுங்கள். இலைகளைத் தனித்தனியாக்கி அகன்ற பேசினில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இலையை மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரைச் சரித்து ஊற்றினால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலையில் படியும். அடியில் மண் தங்குவது நிற்கும் வரை, வழமையாக மூன்று நான்கு தடவை, இதைச் செய்யுங்கள். பிறகு ஒரு பங்கு வினாகிரி, மூன்று பங்கு தண்ணீர் கலந்த கலவையில் பத்து நிமிடம் அமிழ்த்தி, கொதித்தாறிய தண்ணீரில் அலசி, வடிதட்டில் நன்றாக வடிய விடுங்கள். ஒவ்வொரு இலையின் பின்பக்கத்தையும் பாருங்கள். சின்ன நத்தை, ஓடில்லாத நத்தை, அது ஊர்ந்த பசைத்தடம் தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் சுண்டலுக்கு அனுப்புங்கள். நத்தைகள் காவும் ஒரு வகைப் புழு மனிதரின் மூளையுறை வரை போகக்கூடியது, அதில் ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால் கோவா இடுக்கிலிருக்கும் புழுவும் பூச்சியும் மிதந்து வரும், அதற்கு அது நல்லது. கிருமியைக் கொல்ல அதை நம்ப முடியாது. கோவாவில் வெளி இலை மூன்றைக் கழற்றி எறியுங்கள், மருந்தும் அழுக்கும் கூடுதலாக அங்கேதான் இருக்கும். கெக்கரி, கரட், மாம்பழம், வத்தகப்பழம் எதுவானாலும் தோலைக் கழுவிய பிறகுதான் கத்தி படவேண்டும். தோலிலிருக்கிற அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

கங்குனைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். அது வளரும் வாய்க்காலையும் குட்டையையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வளவில் இடம் இருந்தால் வல்லாரையை நீங்களே வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட பழைய பேசின், 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண்ணும் மக்கிய குப்பையும், அரை நிழல், காலை மாலை தண்ணீர். சந்தைக் கட்டிலிருந்து வேரோடு இருக்கும் ஓடுதண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் வெட்டு வெட்டலாம். புதுச் சாணத்தைப் போடாதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கு நன்றாக மக்கியது மட்டுமே ஆகும்.

முளைப்பயறு

சோற்றின் இடத்தை நிரப்பும் புரதமும் பசி தாங்கும் சத்தும் இதிலிருந்துதான் கூடுதலாக வருகின்றன. அதனால் சரியாகச் செய்யப் பழகுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 75 கிராம் உலர் பயறு, ஏறக்குறைய ஆறு மேசைக்கரண்டி.

1. கல்லையும் உடைந்த பயறையும் பொறுக்கி, மூன்று தடவை கழுவுங்கள். உடைந்தது முளைக்காது, அழுகி மற்றதையும் கெடுக்கும்.

2. நான்கு மடங்கு கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மணித்தியாலம் ஊறவிடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் பன்னிரண்டு மணித்தியாலம் என்றிருக்கும். நம் வெக்கையில் அவ்வளவு நேரம் விட்டால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும்.

3. தண்ணீரை வடித்து, அலசி, போத்தலில் போட்டு வாயில் வலைத்துணி கட்டிச் சாய்வாகக் கவிழ்த்து வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. பயறு போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கவும் கூடாது, காற்று வேண்டும்.

4. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொதித்தாறிய தண்ணீரில் அலசி வடியுங்கள். இரவு படுக்கும்போது ஒரு தடவை, விடிய ஒரு தடவை என்றால் இடையில் குறைவு வராது.

5. பதினைந்து இருபது மணித்தியாலத்தில் வால் அரை சென்ரிமீற்றர் வரும். அப்போதே சாப்பிடுங்கள். நீள விடுவதால் தண்ணீர்தான் கூடும், கசப்பும் வரும். மிஞ்சினால் குளிர்சாதனப்பெட்டியில் மூடி வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள்.

கையில் வழுவழுத்தால், புளித்த மணம் அடித்தால், நூல் போல இழுபட்டால் எறியுங்கள். கழுவிச் சரிப்படுத்த முடியாது. வழுவழுப்புக்குக் காரணம் எப்போதும் ஒன்றில் தண்ணீர் தேங்கியதாக இருக்கும், அல்லது அலசுவதற்கு இடையில் நேரம் கூடியதாக இருக்கும். வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது வேர்மயிராகவும் இருக்கலாம். தண்ணீரில் அலசியதும் அது படிந்துவிட்டால் வேர்மயிர், படியாமல் நின்று மக்கல் மணம் அடித்தால் பூஞ்சணம்.

முளைக்க வைக்கும் ஈரமும் சூடும் கிருமிக்கும் ஏற்றவை என்பதை மறக்கக்கூடாது. 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளையில் இருந்த ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதையிலேயே இருந்தால் வீட்டுச் சுத்தம் மட்டும் காப்பாற்றாது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், வயோதிபர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முளைப்பயறை நன்றாக அவித்தே சாப்பிட வேண்டும். மற்றவர்களும் சந்தேகம் வந்தால் ஆவியில் அவியுங்கள். அன்றைக்கு அது பச்சை உணவு இல்லாமல் போனால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

எட்டுக் கிழமைத் திட்டம்

முதல் இரண்டு கிழமை காலைச் சாப்பாடு மட்டும் பச்சை. பப்பாசி 300 கிராம், வாழைப்பழம் இரண்டு, தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, இடித்த எள்ளு ஒரு மேசைக்கரண்டி, ஊறவைத்த கச்சான் ஒரு கைப்பிடி. மதியம் வழமையான சோறு கறி, இரவு பிட்டோ இடியப்பமோ. எள்ளை இடிக்காமல் போட்டால் முழுசாகவே வெளியே போகும். கச்சானை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இந்த நாட்களிலேயே தேத்தண்ணியைக் குறையுங்கள். நாளுக்கு ஐந்து கோப்பை குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் அடுத்த நாளே தலையிடிக்கும். அதை "நஞ்சு வெளியேறுகிறது" என்று சொல்லி ஆறுதல் தருபவர்கள் உண்டு. அது கஃபீன் கிடைக்காத தலையிடி, அவ்வளவுதான். மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்தால் வராது. விடாமல் குடிப்பவர்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேயிலை கீரையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், தேசிக்காய்ப்புளி அதை உடம்பில் சேர்க்கும்.

மூன்றாம் நான்காம் கிழமையில் மதியச் சோற்றை அரைவாசியாக்கி, கோப்பையின் மற்ற அரைவாசியில் இரண்டு பச்சைச் சம்பலும் முளைப்பயறும் வையுங்கள். ஐந்தாம் கிழமையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதியம் முழுப் பச்சை. எட்டாம் கிழமை தினமும். இரவு வேளையை அவித்த சாப்பாடாகவே வைத்திருங்கள். பச்சைக் கோவாவும் வெங்காயமும் இரவில் வயிற்றில் காற்றாகி நித்திரையைக் கெடுக்கும். பருப்பு, கீரைக்கறி, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேளை இடம் தருகிறது.

ஏன் முழுதாகப் போகச் சொல்லவில்லை? ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகாலமாகப் பச்சை உணவில் இருந்தவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 வீதமானோருக்கு மாதவிடாய் குழம்பியோ நின்றோ போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக்கூட எடையும் குறைந்துகொண்டு போனது. சக்தி காணாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துபவற்றில் மாதவிடாயும் ஒன்று.

சக்திக் கணக்கு

ஒரு கோப்பைச் சோறு, 300 கிராம், ஏறக்குறைய 390 கலோரி. அதை வெறும் கெக்கரிக்காயால் ஈடுசெய்ய வேண்டுமானால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஒரு கிலோ வத்தகப்பழமும் 300 கலோரிதான். வயிறு முட்ட நிரம்பியும் பின்னேரம் கை நடுங்குவதன் காரணம் இது. இலையும் காயும் சத்துக்கு. பசி தாங்க வாழைப்பழம், தேங்காய், பயறு, எள்ளு, கச்சான், பேரீச்சம்பழம் வேண்டும். எவ்வளவு வேண்டுமென்று காட்ட, முழுப் பச்சையாக இருக்கும் ஒரு நாளின் அளவு:

பப்பாசி 300 கிராம், மாம்பழச் சதை 300 கிராம், வாழைப்பழம் நான்கு (உரித்தபின் 400 கிராம்), தேங்காய்ப்பூ 100 கிராம், முளைவிட்ட பயறு (உலர்ந்த நிலையில் 75 கிராம்), எள்ளு 20 கிராம், கச்சான் 40 கிராம், பேரீச்சம்பழம் ஐந்து, கெக்கரி கரட் தக்காளி கீரை எல்லாம் சேர்த்து அரைக் கிலோ.

இது ஏறக்குறைய 1,850 கலோரி, 45 கிராம் புரதம். நாற்காலி வேலை செய்பவருக்குக் காணும். கடலுக்கோ வயலுக்கோ மேசன் வேலைக்கோ போகிறவருக்குக் காணாது, அவர் சோற்றை விடாமல் காலை வேளையோடு நிற்பது நல்லது. இரவு அவித்துச் சாப்பிடும் நாளில் வாழைப்பழத்தில் இரண்டையும் மாம்பழத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம். வேர்த்துக் கொட்டும் ஊரில் உப்பில்லாத பழமும் தண்ணீருமாக இருந்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடிக்கும். நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், அயடீன் சேர்த்த உப்பாகப் பாவியுங்கள்.

செய்து பார்க்க

வல்லாரைச் சம்பல்: கழுவி நன்றாக வடிந்த வல்லாரை 100 கிராம், தேங்காய்ப்பூ மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் ஐந்து, பச்சைமிளகாய் ஒன்று, அரைத் தேசிக்காய், உப்புக் கால் தேக்கரண்டி. இலையைச் சுருட்டி நூல் போல அரியுங்கள். வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூவைப் பிசைந்து இலையைச் சேருங்கள். உப்பும் புளியும் பரிமாறும்போது மட்டும், முன்னமே சேர்த்தால் தண்ணீர் விட்டு இலை கறுத்துத் துவளும். வழமையாகச் சம்பலுக்குச் சேர்க்கும் மாசிக் கருவாடு அவித்து உலர்த்தியது, ஆகவே கண்டிப்பாகப் பச்சை என்றிருப்பவர்கள் விட்டுவிடலாம்.

முளைப்பயறுப் பச்சடி: முளைப்பயறு ஒரு பெரிய கோப்பை, துருவிய கரட் ஒன்று, விதை நீக்கிய கெக்கரி அரைவாசி, செங்காய் மாங்காய் நான்கு துண்டு, தேங்காய்ப்பூ நான்கு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, தேசிப்புளி. மாங்காய் சேர்த்தால் பயறின் பச்சை மணம் தெரியாது. முதல் கிழமை பயறு கடினமாகத் தோன்றினால் அரைவாசியை அம்மியில் ஒரு தடவை ஓட்டிச் சேருங்கள்.

எள்ளுருண்டை: கறுத்த எள்ளு 100 கிராமைக் கழுவி வெயிலில் உலர்த்தி இடித்து, விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம் சேர்த்து இடித்து உருட்டுங்கள். எள்ளுப்பாகுக்கு வறுப்பதுபோல வறுக்க வேண்டாம், வெல்லமும் வேண்டாம், பேரீச்சம்பழமே பிடித்துக்கொள்ளும். தேங்காய் சேர்த்தது அன்றைக்கே முடிய வேண்டும். தேங்காய் இல்லாமல் உருட்டினால் மூடிய போத்தலில் ஒரு கிழமை நிற்கும்.

தேங்காய்ப்பூவும் பச்சைத் தேங்காய்ப்பாலும் வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. வெட்டிய பழத்துக்கும் இதுவே கணக்கு. வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் முழு வாழைப்பழமும் உரிக்காத தோடம்பழமும் முழுக் கெக்கரியும் கச்சானும் கொண்டுபோய் அங்கே வெட்டிச் சாப்பிடுங்கள். வெட்டி அடைத்த டப்பா மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடலாம்.

கோவா மிஞ்சினால் புளிக்க வைக்கலாம். ஒரு கிலோ நறுக்கிய கோவாவுக்கு 25 கிராம் உப்புப் போட்டுத் தண்ணீர் விடும்வரை பிசைந்து, போத்தலில் அமுக்கி, துண்டெல்லாம் உப்புத்தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கப் பாரம் வையுங்கள். குளிர்நாட்டில் மூன்று கிழமை எடுப்பது இங்கே நாலைந்து நாளில் புளித்துவிடும். பிறகு குளிர்சாதனப்பெட்டிக்குள் போக வேண்டும். வெளியில் விட்டால் குழைந்துபோகும். உப்பைக் குறைத்தாலும் அதே கதிதான்.

பச்சையாகக் கூடாதவை

மரவள்ளிக்கிழங்கும் அதன் இலையும் சயனைட் விடுபவை, அவித்தே ஆக வேண்டும். சிவப்புப் போஞ்சி விதை ஊறவைத்தாலும் முளைக்க வைத்தாலும் நஞ்சு போகாது, சில விதைகளே கடும் வாந்திக்குப் போதும். பச்சைப் போஞ்சி, சோயா, பச்சை நிறம் படிந்த உருளைக்கிழங்கு, கருணை, சேம்பு, காட்டுக் காளான் எல்லாம் அடுப்புக்கே. கடலையும் கௌபியும் முளைவிட்டாலும் பலருக்கு வயிற்றை ஊதவைக்கும், அவியுங்கள். காய்ச்சாத பால், பச்சை முட்டை, பச்சை மீன் வேண்டாம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் காய்ச்சிய பாலில் உறைந்தது, அதைத் தாராளமாகச் சேருங்கள். காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் கோப்பை கோப்பையாகக் குடிக்கக்கூடாது. அவற்றின் ஒக்சலேற் சிறுநீரகத்தைத் தாக்கும். பசளியைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிப்பதும் அந்த வகையில்தான் சேரும்.

வயிறு ஊதினால் கோவா, வெங்காயம், பயறு மூன்றையும் நான்கு நாள் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். வேகமாக விழுங்குவதும் காரணமாகலாம், பச்சை மரக்கறிக்குச் சோற்றைப்போல இரண்டு மடங்கு மெல்ல வேண்டும். புளிப்புப் பழம் அடிக்கடி சாப்பிட்டால் பல் கூசும். சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணித்தியாலம் கழித்துப் பல் துலக்குங்கள். வயிற்றோட்டத்துடன் காய்ச்சலோ இரத்தமோ வந்தால் அது உடம்பு பழகுவதன் அறிகுறி இல்லை, அன்றே வைத்தியரைப் பாருங்கள்.

முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவர்கள்

சிறுநீரக நோயாளிகள் இதில் இறங்கக்கூடாது. வாழைப்பழம், இளநீர், தக்காளி எல்லாவற்றிலும் பொற்றாசியம் கூட. ஒரு பெரிய இளநீரில் மட்டும் ஒரு கிராமை நெருங்கும். பழுதடைந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இதயத்துடிப்பு குழம்பும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சீனி கீழே விழலாம், மாம்பழமும் பேரீச்சையும் கூட்டினால் மேலே ஏறலாம். அளவை மாற்றுவது கிளினிக் வைத்தியரின் வேலை. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்களுக்குக் கீரை திடீரெனக் கூடினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் இந்த வழிக்கு வர வேண்டாம், அவர்கள் கோப்பையில் ஒரு சம்பலும் ஒரு பழமும் கூடினாலே போதும்.

இரவு வேளையில் மீனும் முட்டையும் தயிரும் சாப்பிடாதவர்கள் விற்றமின் பீ12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். எந்தக் கீரையிலும் முளையிலும் அது நம்பும்படி இல்லை. உடம்பு சேர்த்து வைத்திருப்பது சில வருடம் தாங்குவதால் குறைபாடு சத்தமில்லாமல் வரும்: கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி, சோர்வு. நரம்பில் ஏற்படும் சேதம் பிறகு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தொடங்குமுன் எடையைக் குறித்துவைத்து, இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், பீ12, பெரிற்றின் (இரும்புச் சேமிப்பு), கிரியற்றினின் (சிறுநீரகம்) நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். ஏற்கனவே மெலிந்தவருக்கு ஒரு மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, மாதவிடாய் ஒரு தடவை தவறினாலோ, மயிர் கொத்தாக உதிர்ந்தாலோ, மதியச் சோற்றை அடுத்த நாளே திரும்பக் கொண்டுவாருங்கள்.